ஆலிவ் ஒன்றா, இரண்டா?

ஒரு தொடரை வாழவைப்பது நடிகரா, வசனமா என்பது தலைப்பு. எதிரணிப் பேராசிரியர், "நல்ல நடிகர் ரெண்டு பேர் போதும், வசனம் வெறும் ஊறுகாய்" என்றார். ஐயா, ஊறுகாய் இல்லாமல் தயிர்சாதம் இறங்குமா? (சிரிப்பு)

ஒரு வரலாறு சொல்கிறேன். 1971-ல் இங்கிலாந்துத் தொலைக்காட்சியில் 'தி பெர்சுவேடர்ஸ்' என்று ஒரு தொடர் வந்தது. 24 கதைகள். எடுத்தது லூ கிரேடின் ஐ.டி.சி. நிறுவனம். டோனி கர்டிஸுக்கு, நியூயார்க்கின் பிராங்க்ஸ் சேரியில் பிறந்து எண்ணெய்ப் பணத்தில் கோடீஸ்வரனான வேடம். ரோஜர் மூருக்கு ஆங்கிலேயப் பிரபு வேடம். வேடிக்கை என்னன்னா, கர்டிஸ் நிஜமாகவே பிராங்க்ஸ் தையல்காரர் பிள்ளை. பிரபுவாக நடித்த மூரோ லண்டன் போலீஸ்காரர் மகன்! (கைதட்டல்)

முதல் கதையிலேயே இருவருக்கும் சண்டை. எதுக்கு? மண்ணுக்கா, பெண்ணுக்கா? ஒரு மதுக்கோப்பையில் ஆலிவ் காய் ஒன்று போடணுமா, இரண்டு போடணுமா என்று! பிரெஞ்சுக் கடற்கரை ஓட்டல் துவம்சம். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் வருகிறார். 90 நாள் ஜெயில், இல்லையென்றால் சட்டத்துக்குத் தப்பிய குற்றவாளிகளைப் பிடிக்க உதவணும் என்கிறார். அங்கே தொடங்கியது சிநேகம்.

இத்தனை இருந்தும் அமெரிக்காவில் என்ன ஆச்சு? ஏ.பி.சி.யில் சனிக்கிழமை இரவு போட்டார்கள். எதிர் சேனலில் 'மிஷன் இம்பாசிபிள்'. எடுபடவில்லை. 1972-ல் மூட்டை கட்டியாச்சு. மூர் 1973-ல் ஜேம்ஸ் பாண்டாகப் போய்விட்டார்.

அதே 1972-ல் ஜெர்மனிக்குப் போனது தொடர். பெயர் 'டீ ட்ஸ்வை'. இரண்டு பேர் என்று பொருள். அங்கே ரெய்னர் பிராண்ட் என்று ஒருவர். ஜெர்மன் வசனம் எழுதியதும் அவர்தான், கர்டிஸுக்குக் குரல் கொடுத்ததும் அவர்தான். மூருக்குக் குரல் லோதர் புளூம்ஹாகன். பிராண்ட் மூலத்தை அப்படியே பெயர்க்கவில்லை. இல்லாத கேலியைச் சேர்த்தார், தெருப்பேச்சைக் கொண்டுவந்தார். பாத்திரங்களே தங்கள் டப்பிங்கைக் கிண்டல் செய்துகொள்ளும்! ஜெர்மனி விழுந்து விழுந்து சிரித்தது. தொடர் பெருவெற்றி.

நடுவர் அவர்களே! நடிகரால்தான் வெற்றி என்றால், அமெரிக்காவில் தோற்றதும் அதே முகம்தானே? முகம் மாறவில்லை, சண்டை மாறவில்லை, ஆலிவ்கூட மாறவில்லை. மாறியது பேச்சு ஒன்றுதான்! (பலத்த கைதட்டல்)

திரையில் தெரிந்தவை இரண்டு முகங்கள். அந்த வீடுகளைச் சிரிக்கவைத்த எழுத்துக்காரர் முகம் அதில் இல்லை. கூலியில் கடைசி, மாலையில் கடைசி என்று நிற்கிறவன் வசனம் எழுதுகிறவன். தீர்ப்பிலாவது அவனை முன்னால் உட்கார வையுங்கள்.