சீருடை இருக்கு, ஆயுதம் இருக்கா? ரேலா உறுப்பினர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விதிகள்

தீபாவளி நெருங்கும் நாட்களில் பிரிக்ஃபீல்ட்ஸ் லிட்டில் இந்தியாவிலும் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் கூட்டத்தைக் கவனிக்கும் சீருடைக்காரர்கள் எல்லாரும் போலீஸ் இல்லை. சிலர் ரேலா உறுப்பினர்கள். தைப்பூசத்தின்போது பத்துமலையிலும் இவர்களைப் பார்க்கலாம். தங்கள் சொந்த வேலை போக மிச்ச நேரத்தில் பொதுச் சேவைக்கு வருபவர்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒருவர் திடீரென்று பாராங்கை உருவினால், அங்கே நிற்கும் ரேலா உறுப்பினர் என்ன செய்யலாம்? சுருக்கமான பதில்: சீருடை என்பது ஆயுத உரிமம் அல்ல. தாக்குதல் நடக்கும் நொடியில் அவருக்குக் கைகொடுப்பது, நம் எல்லாருக்கும் சட்டம் தந்திருக்கும் அதே தற்காப்பு உரிமைதான்.

முன்பு அவர்களிடம் துப்பாக்கி இருந்ததே?

உண்மைதான். ரேலா 1972 ஜனவரி 11-இல் தொடங்கப்பட்டது. அதை இயக்கியது அவசரகாலச் சட்டத்தின் கீழ் வந்த விதிமுறைகள். 2005 பிப்ரவரியில் அந்த விதிமுறைகள் திருத்தப்பட்டன. சுடும் ஆயுதம் ஏந்துவது, ஆவணங்களைக் கேட்பது, வாரண்ட் இல்லாமல் கைது செய்வது, கட்டடங்களுக்குள் நுழைந்து சோதிப்பது போன்ற அதிகாரங்கள் உறுப்பினர்களுக்குக் கிடைத்தன. சட்டவிரோதக் குடியேறிகளைப் பிடிக்கும் சோதனைகளில் ரேலா முன்னணியில் நின்றது. அத்துமீறல் புகார்களும் எழுந்தன. ரேலாவைக் கலைக்க வேண்டும் என்று 2007-இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு கோரியது.

2011 இறுதியில் நாடாளுமன்றம் அவசரகாலப் பிரகடனங்களை ரத்து செய்தது. அவற்றை நம்பி நின்ற விதிமுறைகள் ஆறு மாதத்தில் காலாவதியாகின. அந்த இடத்துக்கு வந்ததுதான் 2012-ஆம் ஆண்டு மலேசியத் தன்னார்வலர் படைச் சட்டம் (சட்டம் 752). அது 2012 ஜூன் 22-இல் நடப்புக்கு வந்தது. கைது செய்யவும் துப்பாக்கி ஏந்தவும் 2005-இல் கொடுத்த அதிகாரங்கள் இந்தச் சட்டத்தில் தொடரவில்லை. பாதுகாப்புப் படைகளுக்கும் அரசாங்க அமைப்புகளுக்கும் உதவுவதுதான் ரேலாவின் முக்கியப் பணி.

அப்படியென்றால் துணை போலீஸ்?

இங்கேதான் பலருக்குக் குழப்பம். துணை போலீஸ், அதாவது போலிஸ் பந்துவான், சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள். ரயில் நிலையம், விமான நிலையம் போன்ற இடங்களில் இவர்களைப் பார்க்கலாம். தன்னார்வப் போலீஸ், அதாவது சுக்காரேலாவான் போலிஸ், வேறு பிரிவு. இந்த இரண்டுமே 1967-ஆம் ஆண்டு போலீஸ் சட்டத்தின் கீழ் வருபவை. தன்னார்வப் போலீஸ்காரருக்குக் கடமை நேரத்தில் வழக்கமான போலீஸ்காரரின் அதிகாரங்கள் உண்டு. சிங்கப்பூரின் தன்னார்வப் போலீஸ் படையிலும் இதே ஏற்பாடுதான். ரேலா இந்த வகையில் சேராது.

தற்காப்பு எதுவரை?

குற்றவியல் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள் இதைச் சொல்கின்றன. உங்கள் உடலை மட்டுமல்ல, பக்கத்தில் இருப்பவரின் உடலையும் காப்பாற்ற உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் இரண்டு எல்லைகளை மறக்கக் கூடாது.

ஒன்று, அளவு. தடுக்கத் தேவையானதைவிட அதிகத் தீங்கு செய்யக் கூடாது என்கிறது 99-வது பிரிவு. போலீஸ் உதவியை நாட நேரம் இருந்தால் இந்த உரிமையே எழாது.

இரண்டு, நேரம். ஆபத்து வரும் என்ற நியாயமான அச்சம் தோன்றும்போது உரிமை தொடங்குகிறது. அச்சம் நீங்கியதும் முடிகிறது.

ஓர் உதாரணம். ஒருவர் பாராங்குடன் கடைக்காரரை நோக்கி ஓடுகிறார். நீங்கள் நாற்காலியைத் தூக்கித் தடுக்கிறீர்கள், அதில் அவர் கை முறிகிறது. தற்காப்பு என்று வாதிட வலுவான இடம் இருக்கு. அவர் பாராங்கைப் போட்டுவிட்டு ஓடுகிறார். நீங்கள் துரத்திப் போய் அதே நாற்காலியால் அடிக்கிறீர்கள். இப்போது தாக்கியவர் நீங்கள்தான்.

சொந்தமாக ஏதாவது எடுத்துப் போகலாமா?

"பாதுகாப்புக்குத்தான் வச்சிருந்தேன்" என்று சொல்லித் தப்பிவிடலாம் என நினைக்க வேண்டாம். சட்டபூர்வக் காரணமின்றிப் பொது இடத்தில் அபாயகர ஆயுதம் வைத்திருந்தால், 1958-ஆம் ஆண்டு அரிக்கும், வெடிக்கும் பொருள்கள் மற்றும் அபாயகர ஆயுதங்கள் சட்டத்தின் 6-வது பிரிவின்படி 5 முதல் 10 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் கிடைக்கலாம்.

துப்பாக்கி விஷயம் இன்னும் கடுமை. உரிமமோ பெர்மிட்டோ இல்லாமல் வைத்திருந்தால் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் 7 ஆண்டு வரை சிறை, 10,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். 1971-ஆம் ஆண்டு சுடும் ஆயுதங்கள் (கூடுதல் தண்டனை) சட்டத்தின் கீழ் குற்றம் சாட்டப்பட்டால் 14 ஆண்டு வரை சிறை, குறைந்தது 6 பிரம்படி.

ஆளைப் பிடித்து வைக்கலாமா?

பிடிக்கலாம், நிபந்தனையோடு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 27-வது பிரிவு சாதாரணக் குடிமகனுக்கும் அந்த உரிமையைத் தருகிறது. குற்றம் உங்கள் கண்ணெதிரே நடந்திருக்க வேண்டும். அது வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடியதாகவும், ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாததாகவும் இருக்க வேண்டும். பிடித்தவரைத் தாமதிக்காமல் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும். தப்பி ஓடாமல் இருக்கத் தேவையான அளவுக்குத்தான் கட்டுப்படுத்தலாம். அடிப்பதற்கும் நீங்களே விசாரணை நடத்துவதற்கும் இதில் இடமே இல்லை.

கடமைக்குப் போகும் முன்

இரண்டு கேள்விகளைப் பொறுப்பாளரிடம் கேட்டுவிடுங்கள். இன்று எனக்குத் தரப்படும் கருவி எது, அதை எப்போது பயன்படுத்தலாம்? சம்பவ இடத்துக்குப் பொறுப்பான போலீஸ் அதிகாரி யார்?

ஆபத்து வந்தால் முதலில் 999. பிறகு மக்களை அப்புறப்படுத்துங்கள், தூரம் விட்டு நில்லுங்கள், ஆளின் அடையாளத்தையும் வாகன எண்ணையும் மனத்தில் பதியுங்கள். இது கோழைத்தனம் இல்லை. பயிற்சியும் ஆயுதமும் உள்ளவர்கள் வந்து சேரும்வரை உயிர்ச்சேதத்தைத் தடுப்பதுதான் ஒரு தன்னார்வலர் செய்யக்கூடிய பெரிய வேலை.