பாலை மரப் புஷ்

1938 இல் வல்வெட்டித்துறையின் அன்னபூரணி அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தைப் போய்ச் சேர்ந்த கதையை எங்கள் ஊர்களில் கேளாதவர் இல்லை. அது பாய்க்கப்பல். அதைக் கட்டிய ஓடாவிமாருக்கு மரத்தின் நரம்பெல்லாம் அத்துபடி. இஞ்சினுக்காக ஏராக்கட்டையைத் துளைத்து, விசிறியைச் சுற்றும் இரும்புத் தண்டு விடுவது பிறகு வந்த வேலை.

1950களின் கடைசியில் இஞ்சின் பூட்டிய மூன்றரைத் தொன் போட்டுகள் வரத் தொடங்கின. மயிலிட்டிக் கரையில் என் ஐயாவைப் போன்ற பிற்றர்மாருக்குப் பிழைப்புக் கிடைத்தது அவற்றால்தான். துளை ஓடாவியுடையது, அதற்குள் நூல் கட்டி நேர் பார்ப்பது ஐயா. தண்டைத் தாங்கும் பித்தளைப் புஷ்ஷை முதல்நாள் இரவே மீன் ஐஸுக்குள் புதைத்துவிடுவார். குளிரில் மயிரிழை சுருங்கும். விடிந்ததும் நீளப் போல்ற்றை ஊடே விட்டு, நட்டை இறுக்கி இறுக்கி உள்ளே இழுப்பார். சுத்தியலைத் தொட்டால் ஏச்சுத்தான்: "அடிச்சா நெளிஞ்சுபோம், பிறகு தண்டு எங்கையடா சுத்தும்?"

மரப்போட் தண்ணீரில் இறங்கினால் சற்று வளைந்து கொடுக்கும். அதனால் இஞ்சினையும் தண்டையும் இணைக்கும் கப்ளிங்கைச் சுற்றி மெல்லிய தகடு செருகி நேர் பார்ப்பதை மிதக்கவிட்ட பிறகே முடிப்பார்.

புஷ்ஷுக்குச் சத்துரு மணல். பின் புஷ்ஷைக் குளிர்விப்பது கடல்நீர்; பாக்குநீரிணையோ ஆழமில்லாத கடல், நீரோடு மணலும் வரும். தண்டைத் தூக்கி ஆட்டும்போது ஒரு நூலளவு ஆடினாலே மாற்றச் சொல்வார்.

1990 இல் போரால் மயிலிட்டியை விட்டுப் பருத்தித்துறைக்கு வந்தோம். பொருளாதாரத் தடையில் பித்தளைக்கு எங்கே போவது? இடிந்த வீடொன்றின் பாலை மர நிலையை அறுத்து, கையால் சுற்றும் கடைசலில் புஷ் கடைந்தார் ஐயா. நரம்பின் வெட்டுமுகம் தண்டில் படவேண்டும் என்று துண்டு துண்டாகச் சேர்த்தார். அது ஒரு சோளகக் காற்றுக்காலம் தாங்கியது.

1854 இல் கிரீனிச்சின் ஜோன் பென் இதே வேலைக்கு, தண்ணீரில் தாழும் லிக்னம் விட்டே மரத்தைப் போட்டுக் காப்புரிமை பெற்றிருந்தார் என்பதைப் பின்னாளில்தான் படித்தேன். பாலையும் தண்ணீரில் தாழும். ஐயாவுக்குப் பென்னைத் தெரியாது.

மயிலிட்டித் துறைமுகம் இராணுவத்திடமிருந்து 2017 இல் விடுபட்டது. இப்போது கரையில் பெரும்பாலும் பைபர் படகுகள். இஞ்சின் வெளியே தொங்குகிறது, துளைக்கு வேலையில்லை. ஐயாவின் இழுபோல்ற் என்னிடம் உண்டு. மூன்றரைத் தொன் போட் இன்னும் வைத்திருப்பவர்கள் வந்து வாங்கிப் போகலாம், துரு எடுத்துத்தான் வைத்திருக்கிறேன்.