மீட்டரும் நடுக்கமும்

1965-ல் ஸ்வீடனின் ஹெல்லெஃபோர்ஸ் ஆலையில் லேடில் என்னும் கலத்திலுள்ள உருகிய எஃகை மின்காந்தச் சுருளால் கலக்கினார்கள். செலவு கூடுதல். லேடிலின் அடியில் நுண்துளைக் கல் பதித்து ஆர்கான் ஊதுவதுதான் எங்கும் பரவியது. நான் எஃகு உருக்கும் மெல்டராகச் சேர்ந்த பட்டறையிலும் அதுவே.

வாயு மேலேறி, கசடைப் பிளந்து, வெள்ளையாய்க் கூசும் ஒரு வட்டத்தைத் திறக்கும். வட்டம் பெருத்தால் காற்றுப் பட்டு எஃகு கெடும். கலக்கல் போதாவிட்டால் அழுக்கு மேலே வராது. வாயு ஓட்டத்தைக் காட்டும் மீட்டரை நம்பவே முடியாது. குழாய் இணைப்பில் கசிந்தாலும் முள் நிமிர்ந்தே நிற்கும்.

பிறகுதான் லேடில் வண்டியின் சட்டத்தில் அதிர்வுமானி வந்தது. குமிழ்கள் எஃகுக்குள் ஏறினால்தான் சட்டம் நடுங்கும். வழியில் கசிந்த வாயுவுக்கு அந்த வேலை தெரியாது. ஆனால் கிரேன் ஓடும் அதிர்வும் அதில் சேர்ந்துவிடும். அதை வடிகட்டுவதற்குள் பொறியாளர்களுக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது. மூத்த மெல்டர்கள் சிரித்தார்கள். மேடைத் தகட்டில் பூட்ஸ் காலை ஊன்றியே கலக்கலைக் கணித்தவர்கள் அல்லவா!