கீழ் வீட்டுப் பையனும் ஸ்டால்மனும்

2009-ல் வங்கி மாற்றலில் திருவனந்தபுரம் வந்து, மடிக்கணினியில் உபுண்டு போட்டேன். திருநெல்வேலியில் பிறந்த மகளை ஸ்கைப்பில் பார்க்க வேண்டும். கீழ் வீட்டுக்காரர் வைஃபை கடவுச்சொல் தந்தார், வைஃபைதான் எழவில்லை. அட்டையைச் செய்தவர்கள் லினக்ஸுக்கு டிரைவரும் எழுதவில்லை, அட்டை இயங்கும் விவரத்தையும் வெளியிடவில்லை.

இது பழைய வழக்கு சார். 1980 வாக்கில் எம்ஐடி ஆய்வகத்து ஜெராக்ஸ் பிரிண்டரில், தாள் சிக்கினால் சொல்லும் வசதியைச் சேர்க்க நினைத்தார் ரிச்சர்ட் ஸ்டால்மன். மூலநிரல் கிடைக்கவில்லை. அந்தக் கோபமும் சேர்ந்துதான் 1983-ல் குனு திட்டத்தை அறிவித்தார். அவரே 2001 ஜூலையில் இதே திருவனந்தபுரத்தில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தார். கேரள அரசுப் பள்ளிகளும் லினக்ஸுக்கு மாறின.

அந்தப் பள்ளியில் படித்த கீழ் வீட்டுப் பையன்தான் 'எல்எஸ்பிசிஐ' என்று தட்டி அட்டையின் பெயரைக் கண்டுபிடித்தான். என்டிஸ்ரேப்பர் போட்டு, விண்டோஸ் டிரைவரையே லினக்ஸில் ஓட்டினோம். பி.காம். படித்த நான் பக்கத்தில் நின்றேன், அவ்வளவே. மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.