தக்காளி: நஞ்சுக்குப் போன பெயரும் நிறத்துக்கு வந்த பெயரும்

தக்காளி என்ற சொல் நமக்குப் பழையது, பழம்தான் புதியது. அமெரிக்கக் கண்டத்துச் சிவப்புப் பழம் ஐரோப்பியர் வழியாக இங்கே வந்தபோது, வேலியோரத்தில் மணத்தக்காளி முன்பே காய்த்துக்கொண்டிருந்தது. சாயல் ஒத்துப்போகவே வந்ததைச் 'சீமைத்தக்காளி' என்றார்கள். சந்தையில் அது பெருகியதும் சீமை உதிர்ந்தது. இன்று உள்ளூர்ச் செடியைத்தான் 'மண' சேர்த்துச் சொல்லிப் பிரித்துக்காட்ட வேண்டியிருக்கிறது.

அதன் தாயகத்திலும் பெயர் இப்படித்தான் இடம் மாறியது. மெக்சிகோவின் நாவாட்டில் மொழியில் 'தொமாத்ல்' பலவகை உருண்டைப் பழங்களுக்குப் பொதுப்பெயர்; நாமறிந்த தக்காளி 'ஷிதொமாத்ல்'. ஸ்பானியர் முன்பாதியை விட்டுவிட்டுத் 'தொமாத்தே' என்றனர். ஐரோப்பிய அறிஞர்களோ, கிரேக்க மருத்துவர் காலென் வேறொரு செடிக்குச் சொன்ன பெயரை எடுத்து இதற்கு ஒட்டினர்: லைகோபெர்சிகம், அதாவது ஓநாய்ப் பீச். 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் அதையே சிற்றினப் பெயராக்கினார்.

வேதியியல் நுழைந்த பிறகு நடந்ததுதான் என்னை வியக்கவைக்கிறது. 1820இல் தெஃபோஸ் என்ற பிரெஞ்சு மருந்தாளர் ஒரு நச்சைப் பிரித்தெடுத்துச் 'சோலனைன்' என்றார். அவர் கையில் இருந்தது, இந்த நச்சோடு இன்று நாம் சேர்த்து நினைக்கும் உருளைக்கிழங்கு அல்ல, மணத்தக்காளி இனத்துப் பழம். வாய்ப்புண்ணுக்கு நாம் கீரை கடையும் அதே செடி! 1940களில் தக்காளிச் செடியின் நச்சு பிரிக்கப்பட்டபோது அதற்குத் 'தொமட்டின்' என்று பெயர். பழத்தின் சொந்தப் பெயர் நஞ்சுக்குப் போயிற்று. சிவப்பு நிறமிக்கோ 1903இல் வேதியியலாளர் ஷுங்க் வைத்த பெயர் 'லைகோபீன்'. உடலுக்கு நன்மை தேடி இன்று எல்லோரும் பேசும் பொருள் ஓநாயின் பெயரைச் சுமக்கிறது.

பெயர்கள் பிரித்தாலும் இரண்டும் ஒரே காயில் முறை மாற்றிக்கொள்கின்றன. பச்சையில் தொமட்டின் மிகுதி. பழுக்கப் பழுக்க அது சிதைந்து மிகச் சிறிதாகிறது, லைகோபீன் ஏறுகிறது. எண்ணெயில் வதக்கினால் அந்த லைகோபீன் உடலில் நன்றாகச் சேரும். மணத்தக்காளியிலும் பச்சைக்காயில்தான் சோலனைன் கூடுதல். அந்தக் காயை மோரில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்து, வற்றலாக்கிக் குழம்புக்கு ஒரு கைப்பிடி போடுகிறோம். பச்சையாக அள்ளித் தின்பதில்லை. பச்சைத் தக்காளிக் கூட்டுக்கும் அஞ்ச வேண்டாம்: தொமட்டின் குடலில் கொலஸ்ட்ராலோடு பிணைந்து பெரும்பாலும் வெளியேறிவிடும். சோலனைன் அப்படியல்ல. பச்சை பாய்ந்த உருளைக்கிழங்கை வேகவைத்தாலும் அது போகாது. கிழங்கைத் தூக்கிப்போட வேண்டியதுதான்.