ஸ்கேனர் கையேட்டில் கிடைத்த விடை

1997. கூகுள் நிறுவனம் தொடங்க இன்னும் ஓராண்டு இருந்தது. இணையத்தில் எதையாவது தேடுகிறவர்கள் பலரும் அப்போது போனது அல்டாவிஸ்டாவுக்குத்தான். புதிய தளம் தொடங்கியவர்கள் தங்கள் முகவரியைப் பதிந்துகொள்ள அங்கே ஒரு படிவம் இருந்தது. காசு கிடையாது, கேள்வி கிடையாது. சும்மா விடுவார்களா? புரோகிராம் எழுதத் தெரிந்த கில்லாடிகள் படிவம் நிரப்பும் வேலையை இயந்திரத்திடம் கொடுத்தார்கள். குப்பை முகவரிகள் குவிந்ததில் தேடல் வரிசையே குலைந்தது. வந்திருப்பது ஆளா, புரோகிராமா? கண்டுபிடிக்க வழி தேடிய ஆண்ட்ரே பிரோடர் என்ற ஆய்வாளர், கடைசியில் தன் ஸ்கேனரோடு வந்த புத்தகத்தை எடுத்துப் புரட்டினார்.

அது பிரதர் நிறுவனத்தின் பயன்பாட்டுக் கையேடு. அச்செழுத்தை இயந்திரம் பிழையின்றிப் படிக்க, எழுத்துரு ஒரே மாதிரி இருக்கட்டும், பின்னணி வெறுமையாக இருக்கட்டும் என்றெல்லாம் அதில் அறிவுரைகள். பிரோடர் குழு அத்தனையையும் தலைகீழாகச் செய்தது. எழுத்துருக்களைக் கலந்து, பின்னணியைக் கலங்கடித்து ஒரு படம். அதில் இருப்பதைப் படித்துத் தட்டச்சு செய்தால்தான் முகவரி பதிவாகும். குப்பை 95 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. ஆனால் பூட்டு விழுந்தது ஒரு வாசலில் மட்டும்தான். மற்ற வாசல்கள் எவ்வளவு அகலமாகத் திறந்துகிடந்தன என்பதை 2 கல்லூரிகளின் சண்டை காட்டிக்கொடுத்தது.

1999 நவம்பரில் ஸ்லாஷ்டாட் தளம் ஒரு வாக்கெடுப்பு வைத்தது: கணினி அறிவியல் மேற்படிப்புக்குச் சிறந்த இடம் எது? கார்னகி மெலன் மாணவர்கள் ஓட்டுப் போட ஒரு புரோகிராமை ஏவினார்கள். எம்.ஐ.டி. மாணவர்கள் பார்த்துக்கொண்டிருக்கவில்லை, மறுநாளே தங்களுடையதை ஏவினார்கள். கள்ள ஓட்டு மழையின் முடிவில் எம்.ஐ.டி.க்கு 21,156, கார்னகி மெலனுக்கு 21,032. மற்ற எந்தக் கல்லூரியும் ஆயிரத்தைத் தொடவில்லை. தோற்ற கல்லூரியிலிருந்துதான் பூட்டு வரப்போகிறது என்று அப்போது யார் நினைத்திருப்பார்கள்?

2000-இல் யாஹூவின் தலைமை விஞ்ஞானி ஊடி மான்பர் கார்னகி மெலனுக்கு வந்து, தங்கள் நிறுவனத்தால் தீர்க்க முடியாத சிக்கல்களைப் பட்டியலிட்டார். ஸ்பாம் வியாபாரிகள் புரோகிராம் வைத்து இலவச மின்னஞ்சல் கணக்குகளை அள்ளிக்கொண்டு போவது அதில் ஒன்று. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் கவுதமாலாவிலிருந்து படிக்க வந்த லூயிஸ் வான் ஆன். அவரும் பேராசிரியர் மானுவல் பிளமும் சகாக்களும் சேர்ந்து கோணல் எழுத்துத் தேர்வுக்கு இலக்கணம் வகுத்து, கேப்ட்சா என்று பெயரும் வைத்தார்கள். பேசுவது ஆளா, இயந்திரமா என்று கண்டுபிடிக்க 1950-இல் ஆலன் டூரிங் கற்பனை செய்த தேர்வில் நடுவர் மனிதர். இங்கே நடுவரே இயந்திரம். தானே தேறமுடியாத தேர்வை அது நடத்தித் திருத்துகிறது! அந்த வேடிக்கை நீடிக்கவில்லை. யாஹூ பயன்படுத்திய வகையை 2003-இல் பெர்க்லி ஆய்வாளர்கள் கிரெக் மோரியும் ஜிதேந்திர மாலிக்கும் தங்கள் புரோகிராமிடம் கொடுத்தார்கள். 92 சதவீதம் சரியாகப் படித்துவிட்டது.

எழுத்துகள் இன்னும் கோணலாயின. வான் ஆனுக்கு உறுத்தியது வேறொரு கணக்கு: உலகம் நாளொன்றுக்கு 20 கோடி கேப்ட்சாக்களைப் படிக்கிறது, தலைக்கு 10 விநாடி என்றாலும் 5 லட்சம் மணி நேரம் வீண். 2007-இல் ரீகேப்ட்சா வந்தது. 2 சொற்கள்: ஒன்று விடை தெரிந்தது, மற்றது பழைய நூல்களையும் நியூயார்க் டைம்ஸ் இதழ்களையும் ஸ்கேன் செய்தபோது இயந்திரம் படிக்கத் திணறியது. முதல் சொல்லைச் சரியாக எழுதியவரை நம்பி, இரண்டாவதையும் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். இப்படி ஓராண்டிலேயே 44 கோடிச் சொற்கள் தேறின. கூலியில்லாமல் இத்தனை பேரிடம் வேலை வாங்கிய இன்னொருவரைச் சொல்வது கடினம். 2009-இல் கூகுள் அதை வாங்கியது.

ஸ்பாம்காரர்களோ கூலி கொடுத்தே ஆள் பிடித்தார்கள். அந்தச் சந்தையை ஆராய்ந்து கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்து ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட விவரம்: ஆயிரம் கேப்ட்சா படித்துக் கொடுக்கக் கூலி அரை டாலர் வரை இறங்கியிருந்தது. அந்த ஆட்கள் எந்த நாட்டுக்காரர்கள் என்று கண்டுபிடிக்கப் பல மொழிகளில் கேப்ட்சா செய்து அனுப்பினார்கள். அவற்றில் தமிழும் இருந்தது; ஸ்டார் ட்ரெக் தொடர் படைத்த கற்பனை மொழியான கிளிங்கானும் இருந்தது. மனிதரா என்று சோதிக்கும் தேர்வு, கூலிக்கு வந்த மனிதரிடம் என்ன செய்யும்?

2014-இல் கூகுளின் சொந்த ஆய்வாளர்களே கதையை முடித்துவைத்தார்கள். மிகக் கடினமான கோணல் எழுத்தையும் அவர்களின் புரோகிராம் 99.8 சதவீதம் சரியாகப் படித்தது. கண்ணைச் சுருக்கி மனிதர்கள் திணறிக்கொண்டிருந்த தேர்வில் இயந்திரம் அநாயாசமாகத் தேறியது. அந்த டிசம்பரில் பல தளங்களில் எழுத்துகள் போய், ஒரு சின்னக் கட்டமும் அதன் பக்கத்தில் ஒரு வரியும் வந்தன: ‘நான் ரோபோ அல்ல.’ கட்டத்தில் டிக் போடுவது மட்டும் தேர்வல்ல. அதற்கு முன்னும் பின்னும் வந்தவர் நடந்துகொண்ட விதத்தையும் சேர்த்தே கணினி எடைபோட்டது. சந்தேகம் தீராதவர்களுக்கு மட்டும் படங்களை நீட்டியது.