மாமியார் நாட்டில் மனை
(தாய்லாந்து நிலச் சட்டம்: ஒரு சரித்திரப் பார்வை)
சிவில், 2010 பேட்ச்

"உன் ஊரைப் பத்தி நாலு பக்கம் எழுதுடா" என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, எதை எழுதுவது என்று யோசிக்கவே இல்லை. தாய்லாந்து என்றால் நம்மவர்களுக்கு பாங்காக், பட்டாயா, மசாஜ், டூரிஸ்ட் பஸ். அதையெல்லாம் எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் ராயோங் பக்கம் தொழிற்சாலைக் கட்டட வேலையில் இருப்பவன். மண்ணோடுதான் பிழைப்பு. அதனால் மண்ணைப் பற்றியே எழுதுகிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. இங்கே வந்து தாய்லாந்துப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு குடியும் குடித்தனமுமாக இருக்கும் நம்மவர்கள் இருக்கிறார்கள். எல்லோரும் ஒரு கட்டத்தில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "மனைவி பேர்ல இடம் வாங்கலாமா? போட்ட காசு நிக்குமா?" பதில் ரெண்டே வரி. வாங்கலாம். ஆனால் வாங்கின பிறகு அது அவர் நிலம், உங்களுடையது அல்ல. கேட்டவுடன் முகம் சுருங்கிவிடும். "என்னய்யா அநியாயமா இருக்கு!" என்பார்கள். அநியாயமா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால் நூற்று எழுபது வருஷக் கதையைக் கொஞ்சம் கேட்க வேண்டும்.

1855-ல் ஆரம்பிப்போம். அப்போது சயாமை ஆண்டவர் மோங்குட் மன்னர், நான்காம் ராமா. ஹாங்காங் கவர்னர் சர் ஜான் பௌரிங் பிரிட்டிஷ் அரசின் தூதராக வந்து ஓர் ஒப்பந்தம் போட்டார். இறக்குமதி வரி மூன்று சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது, பிரிட்டிஷ் பிரஜை குற்றம் செய்தால் சயாம் கோர்ட் விசாரிக்கக் கூடாது, அவர்களுடைய கான்சல்தான் விசாரிப்பார் என்று இப்படிப் பல ஷரத்துகள். பக்கத்தில் பர்மா துண்டு துண்டாகப் போய்க்கொண்டிருந்த காலம். மன்னர் வேண்டாம் என்று சொல்லக்கூடிய நிலையில் இல்லை.

ஆனால் நில விஷயத்தில் மட்டும் மனுஷர் கெட்டிக்காரத்தனமாக நடந்திருக்கிறார். ஒப்பந்தத்தின் நாலாவது ஷரத்து இது. பாங்காக் நகர மதிலிலிருந்து 200 சென் தூரத்துக்குள், அதாவது நாலு மைலுக்குள், வெளிநாட்டுக்காரன் நிலம் வாங்க முடியாது. பத்து வருஷம் சயாமில் குடியிருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அரசின் விசேஷ அனுமதி வேண்டும். அதற்கு வெளியே வாங்கிக்கொள்ளலாம். எவ்வளவு தூரம் வரை? பாங்காக்கிலிருந்து 24 மணி நேரப் பயண தூரம் வரை. எதில் பயணம்? உள்ளூர்ப் படகில்! சர்வே படித்த நமக்கு இதைப் பார்த்தால் சிரிப்பு வரும். தூரத்தை மணியால் அளந்தால், ஆற்றில் வெள்ளம் ஏறும்போது நாடு சுருங்கும், வடியும்போது விரியும். இரண்டு தரப்புக்கும் அது புரிந்திருக்க வேண்டும். மறு வருஷமே, 1856-ல், இந்த எல்லைகளைத் தெளிவுபடுத்த ஒரு துணை ஒப்பந்தம் போட்டார்கள்.

இதில் நமக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. 'பிரிட்டிஷ் பிரஜை' என்றால் வெள்ளைக்காரன் மட்டும் அல்ல. பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து கப்பல் ஏறி வந்த வியாபாரியும் பிரிட்டிஷ் பிரஜைதான். பாங்காக் சீலோம் ரோட்டில் இன்றும் நிற்கிற மாரியம்மன் கோயிலைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டியவர்கள் தமிழர்கள். அந்த ஊரில் வெளிநாட்டான் நிலத்தைப் பற்றிப் பேசும்போது, நாமும் அந்த வெளிநாட்டானில் சேர்த்தி என்பதை மறக்கக்கூடாது.

அடுத்த கட்டம் சுலாலங்கோர்ன் மன்னர், ஐந்தாம் ராமா காலம். 1901-ல் நிலத் துறை தொடங்கப்பட்டது. அதே வருஷம் அயுத்யா மாகாணத்துப் பாங் பா-இன்னில் அளவை செய்து புது மாதிரிப் பட்டயம் கொடுக்க ஆரம்பித்தார்கள். அதன் பேர் 'சானோட்'. தெற்கு ஆஸ்திரேலியாவில் 1858-ல் ராபர்ட் டோரன்ஸ் கொண்டுவந்த முறையைத் தழுவியது. நம் ஊரில் சப்-ரெஜிஸ்ட்ரார் பதிவது பத்திரத்தை. நிலம் உண்மையில் யாருடையது என்பதற்கு மூலப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று என்று ஒரு கட்டுக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு வக்கீலிடம் ஓட வேண்டும். டோரன்ஸ் முறையில் பதிவேடு சொல்வதுதான் உரிமை. சானோட் இரண்டு பிரதி: ஒன்று நில அலுவலகத்தில், ஒன்று சொந்தக்காரர் கையில். முன்பக்கம் சிவப்புக் கருடன் முத்திரை, எல்லைக் கல் எண்களோடு வரைபடம். பின்பக்கம் விற்பனை, அடமானம், குத்தகை எல்லாம் வரிசையாக. ஒரே காகிதம். நம்ம சர்வே கேம்ப்பில் வெயிலில் செயின் இழுத்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். (பச்சைக் கருடன், கறுப்புக் கருடன் போட்ட காகிதங்களும் உண்டு. அவை ஒரு படி கீழ். மாமனார் எடுத்துக் காட்டினால் கருடனின் நிறத்தைப் பாருங்கள்.)

1909-ல் இன்னொரு ஒப்பந்தம். கெடா, கிளந்தான், திரெங்கானு, பெர்லிஸ் நாலையும் சயாம் பிரிட்டனுக்கு விட்டுக்கொடுத்தது. கெடா என்றால் வேறெதுவும் இல்லை, ராஜேந்திர சோழன் கொண்ட கடாரம்தான். பதிலுக்குப் பிரிட்டன் தன் கான்சல் கோர்ட் உரிமையைக் கைவிட ஒப்புக்கொண்டது. தெற்கே ரயில் போட 40 லட்சம் பவுன் கடனும் கிடைத்தது. கூடவே ஒரு வரி: பிரிட்டிஷ் பிரஜைகளுக்குச் சொத்துரிமையில் சயாம் நாட்டவருக்கு உள்ள அதே உரிமை. நாலு மைல், படகு, பத்து வருஷம் எல்லாம் போயிற்று. தங்கள் கோர்ட்டில் அந்நியனையும் நிறுத்தும் அதிகாரத்துக்காகத் தங்கள் மண்ணின் கதவைத் திறந்து விட்டார்கள். அந்தக் கணக்கு எவ்வளவு கசப்பாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அந்நியருக்கு நிலம் என்ற பேச்சு எழுந்தால் இன்றும் தாய்லாந்துக்காரர்கள் சட்டென்று சூடாவதற்கு இந்தக் கசப்புதான் வேர் என்பது என் எண்ணம்.

பிறகு கதவு மெல்ல மூடியது. 1932-ல் முடியாட்சி அரசியல் சட்டத்துக்கு அடங்கியது. 1939-ல் நாட்டின் பேரே தாய்லாந்து ஆயிற்று. 1943-ல் அந்நியர் நிலத்துக்கென்றே தனிச் சட்டம். 1954-ல் வந்த நிலச் சட்டத் தொகுப்புதான் இன்றுவரை அமலில் இருப்பது. அதன் 86-ஆம் பிரிவு, ஒப்பந்தம் உள்ள நாட்டுக்காரர் மட்டும் நிலம் வாங்கலாம் என்கிறது. 87-ஆம் பிரிவு அளவு சொல்கிறது: குடியிருக்க ஒரு ராய், தொழிற்சாலைக்குப் பத்து ராய், குடும்ப மயானத்துக்கு அரை ராய். ஒரு ராய் என்பது 1600 சதுர மீட்டர். நம் கணக்கில் ஏழு கிரவுண்டுக்குச் சற்று மேல். அப்படி ஒப்பந்தம் இருந்த நாடுகள் 16. அதில் இந்தியாவும் ஒன்று! ஆனால் 1970 பிப்ரவரி 27-ஆம் தேதியோடு அந்த ஒப்பந்த உரிமைகள் அத்தனையும் முடித்து வைக்கப்பட்டன. அதற்குப் பிறகு 86-ஆம் பிரிவு சாவி இல்லாத பூட்டு.

இனிமேல்தான் மனைவி வருகிறார்.

வடகிழக்கில், ஈசான் பகுதியில், மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போவதுதான் பழைய வழக்கம். நிலம் பெரும்பாலும் பெண்கள் வழியாக இறங்கும். கடைசிப் பெண் தாய்வீட்டில் தங்கிப் பெற்றவர்களைப் பார்த்துக்கொள்வாள், வீடு அவளுக்கு. மாப்பிள்ளைதான் பெண் வீட்டாருக்குப் பணம் தர வேண்டும். அதற்கு 'சின் சோட்' என்று பேர். நம் ஊரில் 'வீட்டோடு மாப்பிள்ளை' என்றால் ஒரு கேலி உண்டே, அங்கே அது இயல்பு. ஆக, அந்தப் பெண்ணுக்கு நிலம் என்பது கணவன் வாங்கிக் கொடுக்கும் பரிசு அல்ல, அம்மா வழியில் வருவது. அவள் ஊரில் அவள் யார் என்பதே அந்த வயலை வைத்துத்தான்.

வியட்நாம் போர் சமயத்தில் உடோன், கோராட், உபோன், நக்கோன் பனோம் என்று அமெரிக்க விமானத் தளங்கள் இதே பகுதியில் வந்தன. 1976 வரை இருந்தார்கள். வெளிநாட்டவரைக் கல்யாணம் செய்துகொண்ட பெண்கள் பெருகினார்கள். அப்போதுதான் உள்துறை அமைச்சகத்தின் விதி ஒன்று அவர்கள் கழுத்தைப் பிடித்தது. திருமணத்துக்குப் பின் சேரும் சொத்து 'சின் சொம்ரோட்', அதாவது தம்பதியின் பொதுச் சொத்து. பொதுச் சொத்தில் பாதி கணவனுடையது. கணவன் அந்நியன். ஆகவே மனைவி வாங்கினால் அந்நியன் பாதி நிலம் வாங்கின மாதிரி. ஆகவே மனைவி வாங்கக் கூடாது. தர்க்கத்தில் ஓட்டை இல்லை, பாருங்கள்! நியாயத்தில்தான் ஓட்டை. சொந்த நாட்டுப் பிரஜை, கல்யாணம் பதிவான நாளிலிருந்து சொந்த ஊரில் ஒரு சதுர வா வாங்க முடியாது. மனைவி கணவனின் குடும்பப் பெயரைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்று வேறு சட்டம். 2003-ல் அரசியல் சட்ட நீதிமன்றம் அது செல்லாது என்றது. 2005-ல் சட்டம் திருந்தியது. அதுவரை, அடையாள அட்டையை நீட்டினாலே நில அலுவலக குமாஸ்தாவுக்கு விஷயம் தெரிந்துவிடும்.

என் கல்லூரி நண்பர் ஒருவரின் மனைவி உடோன் பக்கம். அவருடைய பெரியம்மா ஓர் அமெரிக்கருடன் குடும்பம் நடத்தி, கல்யாணத்தைப் பதிவே செய்யாமல் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தாராம். மோதிரமா வயலா என்ற கேள்விக்கு அவர் வயலைத் தேர்ந்தெடுத்தார். அதற்காக ஊர் பேசிய பேச்சையும் சேர்த்துத்தான் வாங்கிக்கொண்டார்.

1997 ஜூலை 2-ஆம் தேதி பாட் மிதக்க விடப்பட்டு நாடே ஆடியது. அதே வருஷம் வந்த அரசியல் சட்டம் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம உரிமை என்றது. 1999 மார்ச் 23-ஆம் தேதி உள்துறை அமைச்சகம் ஒரு சுற்றறிக்கை விட்டது: வெளிநாட்டவரை மணந்தவரும் நிலம் வாங்கலாம். நிபந்தனை ஒன்று. வாங்கும் பணம் முழுக்கத் தாய்லாந்து நாட்டவரான துணையின் தனிச் சொத்து, 'சின் சுவான் துவா', என்று இருவரும் சேர்ந்து எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். (மூன்று சொல்லிலும் வரும் 'சின்'னுக்குச் சொத்து என்று அர்த்தம். வேறு அர்த்தம் செய்துகொள்ள வேண்டாம்.)

நண்பர் நிலம் பதிந்தபோது கூட இருந்தேன். தாய் எழுத்து எனக்குக் கொஞ்சம் தெரியும் என்பதால் கூப்பிட்டிருந்தார். அதிகாரி அந்தத் தாளை நகர்த்தினார். நண்பர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஏண்டா, எட்டு வருஷம் சைட்ல வெயில்ல நின்னு சேத்த காசு. இது என் காசே இல்லைன்னு நானே எழுதிக் குடுக்கணுமா?" மனைவிக்குத் தமிழ் அவ்வளவாக வராது; ஆனால் குரல் புரிந்துவிட்டது. அவர் தாய் மொழியில் சொன்னது: "பெரியம்மாவுக்கு இந்தத் தாளே கிடைக்கலை." அவ்வளவுதான். நண்பர் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்து மூவரும் நூடுல்ஸ் சாப்பிட்டோம். யாரும் அதிகம் பேசவில்லை.

அந்தத் தாள் சும்மா சம்பிரதாயம் அல்ல. பின்னால் பிரிவு வந்தால், நிலத்தில் பாதி எனது என்று கணவர் கேட்க முடியாது. தனிச் சொத்து என்பதால் அவர் சம்மதமில்லாமலே மனைவி விற்கலாம், அடகு வைக்கலாம். "அப்படின்னா பினாமிதானே?" என்று கேட்பவர்களுக்கு ஒரு விஷயம். நம் நாட்டு பினாமிச் சட்டத்தில், கணக்குக் காட்டிய பணத்தில் மனைவி பேரில் வாங்குவதற்கு விதிவிலக்கே உண்டு. தாய்லாந்தில் நேர்மாறு. அந்நியனுக்காகப் பேர் மட்டும் கொடுத்து நிலம் வாங்கினால் இருவருக்கும் இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது 20,000 பாட் வரை அபராதம், அல்லது இரண்டும். நிலத்தையும் குறித்த கெடுவுக்குள் விற்றாக வேண்டும். சில தாய்லாந்துக்காரர்களைப் பங்குதாரராக எழுதி ஒரு கம்பெனி தொடங்கி, அதன் பேரில் வாங்கும் தந்திரமும் உண்டு. 2006-லிருந்து அந்தப் பங்குதாரர்களிடம் "பணம் எங்கிருந்து வந்தது?" என்று கேட்கச் சொல்லி உத்தரவு இருக்கிறது. அந்தப் பக்கமே போகாதீர்கள்.

பணக்காரருக்கு ஒரு தனி வாசல் 1999-லேயே திறந்தார்கள். நாலு கோடி பாட் முதலீடு கொண்டுவந்தால், அமைச்சர் அனுமதியோடு குடியிருக்க ஒரு ராய். 2022 அக்டோபரில் இதைக் கொஞ்சம் தளர்த்த மந்திரி சபை கொள்கையளவில் ஒப்புக்கொண்டதுதான் தாமதம், "நாட்டை விற்கிறார்கள்" என்று எழுந்த கூச்சலில் நவம்பரிலேயே வாபஸ் வாங்கிவிட்டார்கள். 1909-ஐ அவர்கள் மறக்கவில்லை.

நம்மைப் போன்ற சம்பளக்காரர்களுக்கு மிஞ்சுவது சில வழிகள். அடுக்குமாடி வீடு என்றால், கட்டடத்தின் மொத்தப் பரப்பில் 49 சதவீதம் வரை வெளிநாட்டவர் சொந்தப் பேரிலேயே வாங்கலாம். என்னைக் கேட்டால், சேமிப்பு முழுவதையும் போடுகிறவருக்கு இதுதான் சரி. நிலம்தான் வேண்டும் என்றால் மனைவி பேரில் வாங்கி, 30 வருஷக் குத்தகையோ, ஆயுள் வரை அனுபவிக்கும் உரிமையோ உங்கள் பேரில் பதியலாம். ஆனால் கணவன் மனைவி தங்களுக்குள் செய்யும் ஒப்பந்தத்தை இருவரில் ஒருவர் எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம் என்று சிவில் சட்டத்தின் 1469-ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே அந்தக் குத்தகையும் மனைவியின் மனசு இருக்கிறவரைதான். வக்கீல் இதைச் சொல்லாவிட்டால் வக்கீலை மாற்றுங்கள்.

மனைவி முந்திக்கொண்டால்? வாரிசு என்ற முறையில் கணவருக்குப் பங்கு வரும், ஆனால் நிலமாக வைத்துக்கொள்ள முடியாது. ஒரு வருஷத்துக்குள் விற்றாக வேண்டும். பிள்ளைகள் தாய்லாந்துப் பிரஜைகள் என்றால் அவர்களுக்குத் தடையில்லை. என் நண்பர் இப்போது செய்திருப்பது இதுதான்: நிலம் மனைவி பேரில், சானோட்டின் பின்பக்கத்தில் இவருக்கு ஆயுள் அனுபோக உரிமை, உயிலில் மகள் பேர். மகளுக்கு இப்போது நாலு வயது. நிலத்தில் வாழையும் எலுமிச்சையும் வைத்திருக்கிறார்கள். பெரியம்மா தினமும் வந்து தண்ணீர் ஊற்றுகிறார்.